ஆரணியில் இறங்கினால் ஆரணி வராது!

ஆரணிக்கு ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். காட்பாடி - விழுப்புரம் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி வெளியே வந்து, "ஆரணி பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இது களம்பூர்ங்க. ஆரணி இன்னும் பத்து கிலோமீட்டர்" என்பார்கள். பெயரில் இருக்கும் 'ரோடு' என்ற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கும். அது ஆரணி இல்லை, ஆரணிக்குப் போகிற ரோடு.

2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு ரயில் ஓடுகிறது. வேலூர் வரை போய்க்கொண்டிருந்ததை நீட்டித்தார்கள். மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவில் திருவண்ணாமலை சேரும். கட்டணம் மலிவு, காற்று இலவசம். ஆனால் 'ஆரணி ரோடு' வரும்போது மணி இரவு பத்தரையைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ தேடுவது தனிக் கலை.

இதில் களம்பூர்க்காரர்களுக்கும் வருத்தம் உண்டு. ஊர் அவர்களுடையது, ஸ்டேஷன் அவர்கள் ஊரில், பெயர் மட்டும் பக்கத்து ஊருக்கு. பொன்னி அரிசிக்குப் பெயர் போன களம்பூர், தன் ஊர் ஸ்டேஷனிலேயே வாடகைக்குக் குடியிருப்பதுபோல இருக்கிறது.

பெயர் ஓரிடம், பொருள் வேறிடம். ஆரணியில் இரண்டு நாள் சுற்றினால், இந்த ஸ்டேஷன் ஒரு சாம்பிள்தான் என்று தெரிந்துவிடும்.

பாக்கம் இருக்கு, பக்கம் இல்லை

சரி, பஸ்ஸில் போவோம் என்றால் முதல் கேள்வியே, எங்கே ஏறுவது? சென்னையில் ஒரு காலத்தில் எல்லா ஊருக்கும் கோயம்பேடு என்ற ஒரே பதில் போதும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் வந்தது. மேற்கே குத்தம்பாக்கத்தில் இன்னொரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஆரணிக்கோ பல வழி. காஞ்சிபுரம், செய்யாறு வழியாகப் போகலாம். ஆற்காடு வழியாகப் போகலாம். வந்தவாசி வழியாகவும் போகலாம். வழி மாறினால் ஏறும் இடமும் மாறும். மூன்று பேரைக் கேட்டேன், நான்கு பதில் வந்தது. எல்லாம் 'பாக்கம்' என்று முடிகிறது. எதுவும் பக்கத்தில் இல்லை.

ஆப்பில் பார்க்கலாம் என்று இறக்கினால், அது முதலில் என் இருப்பிடம் கேட்டது. சரி, நியாயம். அப்புறம் கேமரா. அப்புறம் கான்டாக்ட் லிஸ்ட். நான் ஒருத்தி ஆரணிக்குப் போவதற்கு என் போனில் இருக்கும் நானூறு பேரின் நம்பர் எதற்கு? எல்லாவற்றுக்கும் தலையாட்டியபிறகு ஓ.டி.பி. வரும் என்றது. வந்தது. அதை அடித்து முடிப்பதற்குள் 'நேரம் முடிந்துவிட்டது' என்றது. ஒருவழியாக உள்ளே போய் 'ஆரணி' என்று அடித்தால் அடுத்த கேள்வி: எந்த ஆரணி?

ஆமாம், தமிழ்நாட்டில் ஆரணிகள் இரண்டு. ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், நம் பட்டு ஆரணி. இன்னொன்று திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம். 'ஆரணி ஆறு' ஓடுவது அந்த ஊரில்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிச்சாட்டூர் அணை திறந்து, 'ஆரணி ஆற்றில் வெள்ளம்' என்று பிரேக்கிங் நியூஸ் வரும்போது, பட்டு ஆரணிக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வருமாம். இவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இங்க தூறல்கூட இல்லியே" என்பார்களாம்.

கடைசியில் ஒரு பஸ் கிடைத்தது. சுமார் 140 கிலோமீட்டர். முன் சீட்டில் ஒருவர் இயர்போன் இல்லாமல் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஒருவர் அதே சத்தத்தில் அரசியல் விவாதம். 'நீ நினைத்தால் முடியும்' என்று முன்னாலிருந்து ஒரு குரல், 'உங்களால் எதுவுமே முடியாது' என்று பின்னாலிருந்து ஒரு குரல். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டுமே உண்மை என்று தோன்றியபோது ஆரணி வந்திருந்தது.

வரம் தரும் ஊரில் வராத ரயில்

ஊருக்குள் ரயில் வரவே வராதா என்றால், காகிதத்தில் எப்போதோ வந்துவிட்டது. லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2006-07 பட்ஜெட்டில் திண்டிவனம் - நகரி புதிய பாதை அறிவிக்கப்பட்டது. திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா வழியாக ஆந்திராவின் நகரி வரை சுமார் 180 கிலோமீட்டர். அந்த ஆண்டு பிறந்த குழந்தை வளர்ந்து, பிளஸ் டூ முடித்து, ஓட்டுப்போடும் வயதுக்கும் வந்துவிட்டது. ஆரணி வழியாக ரயில் மட்டும் இன்னும் ஓடவில்லை.

இதே வட்டாரத்தில் செஞ்சி வழியாகப் போகவேண்டிய திண்டிவனம் - திருவண்ணாமலை பாதைக்கு இன்னும் பரிதாபக் கதை. சில பட்ஜெட்களில் அதற்கு ஒதுக்கிய தொகை 1,000 ரூபாய். ஆயிரம் கோடி என்று நினைத்துக் கண்ணைக் கசக்கிப் பார்க்க வேண்டாம், வெறும் ஆயிரம்தான். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்ட வைக்கிற டோக்கன் தொகையாம் அது. ஆரணியில் அந்தக் காசுக்குப் பட்டுப் புடவையின் முந்திகூட வராது.

ஆரணி என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதியே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009-ல் முதல் தேர்தல். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள், இரண்டு மாவட்டங்கள். 2009-ல் காங்கிரஸ், 2014-ல் அ.தி.மு.க., 2019-ல் மறுபடி காங்கிரஸ், 2024-ல் தி.மு.க. நான்கு தேர்தலில் மூன்று கட்சிகளுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கட்சிமீதும் பாரபட்சம் காட்டினார்கள் என்று இந்த ஊர் மக்களைக் குறை சொல்ல முடியாது. இதில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. உலகப் பாரம்பரியச் சின்னம் இருக்கும் தொகுதி. அதைப் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸில்தான் வரவேண்டும்.

மாவட்டக் கதையும் உண்டு. ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர், திருவண்ணாமலை சுமார் 60. பழைய வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் பிரித்தபோது ஆரணி, தூரத்துத் திருவண்ணாமலையோடு போனது. கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்க ஒரு நாள் தறி நிற்கும். 'ஆரணியைத் தனி மாவட்டமாக்கு' என்ற கோரிக்கை தேர்தல் வந்தால் எழும், முடிந்தால் உட்காரும்.

ஊரில் கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதன் யாகம் செய்து பிள்ளை வரம் பெற்ற தலம் என்று தலபுராணம். ஒரு யாகத்துக்கு நான்கு பிள்ளைகள். ரயிலுக்கும் ஒரு யாகம் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆறு அணியாக அமைந்ததால் ஆரணி என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். நான் போன அன்று ஆற்றில் மணலும் புதரும்தான் அணி செய்துகொண்டிருந்தன. கமண்டலம் என்று பெயர் வைத்ததற்காகவாவது ஒரு கமண்டல அளவுக்குத் தண்ணீர் இருந்திருக்கலாம்.

பெயர் பறிபோவது இந்த ஊருக்குப் பழக்கம்தான். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு பிரெஞ்சுக்காரர்களையும் ராசா சாகிபையும் அவர் தோற்கடித்த இடம் ஆரணி. சரித்திரம் அவருக்குக் கொடுத்த பட்டமோ 'ஆற்காட்டு வீரர்'. 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். அதுவும் பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் போவதில்லை. சண்டை இங்கே, பேர் அங்கே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்று தறி வீடுகளில் இருக்கிறது.

தறியில் இருக்கும்வரை ஆரணி

கொசப்பாளையம், சைதாப்பேட்டை (இந்தப் பெயரும் சென்னையிடம் போய்விட்டது, ஆரணிக்குள்ளும் ஒரு சைதாப்பேட்டை இருக்கிறது) பக்கம் தெருக்களில் நடந்தால், மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து 'தடக் தடக்' என்று சத்தம் கேட்கும். ஊருக்கு வெளியே தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இந்தத் தொழில் பரவியிருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயில்ல ஏம்மா நிக்கிற? உள்ள வா" என்று அந்த வீட்டம்மா கூப்பிட்டார்.

வீட்டின் பாதி, தறி. மீதியில்தான் குடும்பம். குழித்தறி என்றால் நிஜமாகவே தரையில் குழி. நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதியை மிதிக்கிறார். மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் வேலை நின்றுவிடும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்குகின்றன. துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அப்படித்தான் மயிலும் மாங்காயும் கரையில் பூக்கின்றன.

இந்த ஜக்கார்டு, 1804 வாக்கில் பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கியது. துளை உண்டு, துளை இல்லை என்ற அதே யோசனையைத்தான் பின்னால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க முனைந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் வேலை பார்க்கும் பிரிவுக்கு 'டிஜிட்டல் டெஸ்க்' என்று பெயர். நிஜ டிஜிட்டல் டெஸ்க் இந்த வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுராத்திரி அப்டேட் கேட்பதில்லை, பாஸ்வேர்டு மாற்றச் சொல்வதில்லை, கான்டாக்ட் லிஸ்ட் கேட்பதில்லை.

ஐயா நெய்ய, அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓடும். தனியாளாகச் செய்வது கஷ்டம். எளிய புடவை என்றால் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். கோர்வையும் கனமான வேலைப்பாடும் இருந்தால் பத்து, பதினைந்து நாள்கூட ஆகும்.

"ஒரு இழை தப்பினா என்ன ஆகும் ஐயா?"

"பூ கோணிக்கும். கடைக்காரர் கூலியில புடிச்சுக்குவார். எங்க தொழில்ல சுமார்னு ஒண்ணு கிடையாதும்மா. சரி, இல்லன்னா தப்பு."

பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி. புடவையாக நெய்து கொடுத்தால் கூலி. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு அதே ஏற்பாடு சங்கம் வழியாக. எப்படியானாலும், புடவை தறியை விட்டு இறங்கியபிறகு அது எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது நெய்தவருக்குத் தெரிவதில்லை.

"இது எந்த ஊர்ப் புடவைன்னு போட்டு விப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "தறியில இருக்கிற வரைக்கும் ஆரணி. பஸ் ஏறிட்டா காஞ்சிபுரம்."

சுமார் 60 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அந்த 60 கிலோமீட்டரில் புடவைக்குப் பெயர் மாறி, விலையும் மாறிவிடுகிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணிப் பட்டுக்கும் தனியாக உண்டு. புவிசார் குறியீடு என்றால், அந்த வட்டாரத்தில் அந்த முறையில் செய்த பொருளுக்கு மட்டுமே அந்த ஊர்ப் பெயர் என்று சட்டம் சொல்கிறது. ஆரணிப் பட்டு எடையில் கொஞ்சம் லேசு, உடுத்துவதற்கு எளிது என்று வியாபாரிகளே வித்தியாசம் சொல்வார்கள். அந்த வித்தியாசம் வாங்கும்போது பேசப்படும், விற்கும்போது மறந்துவிடும். நெசவாளியின் கதையைச் சொல்லித் தேசிய விருது வாங்கிய படத்துக்கும் பெயர் 'காஞ்சிவரம்'தான்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். அரிசியில் ஆரணியும் இதே வேலையைச் செய்கிறது. நெல் எங்கெங்கோ விளையும். ஆரணி மில்லில் அரைத்ததும் மூட்டையில் 'ஆரணி' என்று பெரிதாக ஏறும். ஆனால் அங்கே மில்லுக்காரரின் உழைப்புக்கு மில்லுக்காரரின் ஊர்ப் பெயர் கிடைக்கிறது. புடவையில் நெய்தவருக்கு அது கிடைப்பதில்லை. ஊரின் பெயருக்குச் சந்தையில் விலை ஏறினால்தானே, கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்க முடியும்?

999 ரூபாய் 'ப்யூர் சில்க்'

காஞ்சிபுரத்தோடாவது பங்காளிச் சண்டை. அதைவிடப் பெரிய சண்டை போனுக்குள் நடக்கிறது. அந்த அம்மாவே தன் போனை எடுத்துக் காட்டினார். ஒரு லைவ் வீடியோ. "சிஸ்டர்ஸ், டைரக்ட்டா வீவர்கிட்ட இருந்து! ப்யூர் சாஃப்ட் சில்க், ஒன்லி 999, ஃப்ரீ ஷிப்பிங்! சீக்கிரம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க!"

"இந்த வீவர் யாருன்னு தெரிஞ்சா சொல்லும்மா. நாங்களும் போய் அவர்கிட்டயே வாங்கிக்கிறோம்" என்றார் அம்மா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டுப் புடவை அரை கிலோ வாக்கில் எடை. பட்டு நூல் கிலோ பல ஆயிரம் ரூபாய். அசல் ஜரிகை என்றால் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளியும் தங்கமும் என்ன விலை விற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூலியைச் சேர்க்கும் முன்னாலேயே 999 பல மடங்கு தாண்டிவிடும். அந்த விலைக்கு வருவது பாலியெஸ்டர். பாலியெஸ்டர் கட்டுவது குற்றமில்லை. அதைப் பட்டு என்றும், விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்றும் சொல்வதுதான் குற்றம். பேச்சுக்காகச் சொல்லவில்லை, 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. புடவையும் அதில் ஒன்று. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. விசைத்தறி பக்கத்துத் தெருவில் ஓடுகிறது.

வரி வரும், வேலை போகும்

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் இருந்ததை 2023-ல் 300 ஆக்கினார்கள். மத்திய அரசு 2015-லிருந்து ஆகஸ்ட் 7-ம் தேதியைத் தேசிய கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறது. அதே மத்திய அரசு, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020-ல் கலைத்தது. கலைத்த செய்தி வெளியான சில நாளிலேயே அந்த ஆண்டுக் கைத்தறி தினம் வந்து, வாழ்த்துச் செய்திகளும் வந்தன.

வரிக் கதை தனி. 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பட்டு நூலுக்குச் சுங்க வரி 10-லிருந்து 15 சதவீதம் ஆனது. கர்நாடகத்துப் பட்டுப்புழு விவசாயிக்கு அது நல்ல சேதி. ஆரணியில் பாவு விலை ஏறியது. ஜவுளிக்கு ஜி.எஸ்.டி. 5-லிருந்து 12 ஆகப்போகிறது, 2022 ஜனவரி 1 முதல் அமல் என்றார்கள். டிசம்பர் 31 அன்று கூடி நிறுத்திவைத்தார்கள். நாடு புத்தாண்டுக் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜவுளிக்காரர்கள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இமிடேஷன் ஜரிகை நூலுக்கு வரி 5 சதவீதமா, 12 சதவீதமா என்ற குழப்பம் தீர, 2023 ஜூலை வரை ஆனது. தறியில் ஓர் இழை தப்பினால் கூலியில் பிடித்தம். வரியில் ஆறு வருடம் தப்பினால் பிரஸ் மீட்.

அம்மாவுக்கு வேறொரு கவலை. ரேஷன் கடை மெஷினில் அவருடைய விரல் ரேகை பதிவதில்லையாம். "பத்து வெரலையும் மாத்தி மாத்தி வெக்கச் சொல்றாங்க. பட்டு இழை ஓடி ஓடித் தேஞ்சு போச்சு. மெஷினு நான் நான் இல்லங்குது" என்றார். புடவைக்குப் பெயர் போனதைக்கூட அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பக்கத்தில் இன்னொரு தறி இருந்தது. மேலே சாக்குப் போர்த்தி, அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். மகன் நெய்த தறியாம். இப்போது அவர் செய்யாறு சிப்காட் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

"மாசம் பொறந்தா சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கு. நல்லாத்தான் இருக்கான்" என்றார் ஐயா. "தறிக்காரன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாங்க. கம்பெனின்னதும் குடுத்தாங்க."

'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று சென்னையில் ஏ.சி. ரூமில் இருந்துகொண்டு தலைப்பு வைப்பது எனக்குச் சுலபம். மாதச் சம்பளம் வாங்கும் நான், மாதச் சம்பளம் தேடிப் போன அந்த மகனிடம் 'ஏன் போனாய்' என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர் திரும்பி வரவேண்டுமென்றால் தறியில் உட்கார்ந்தாலும் அதே அளவு கையில் நிற்க வேண்டும். அதற்குக் கைத்தறி தினத்து வாழ்த்துச் செய்தி போதாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

ஆரணிக்குப் போகிறவர்கள், கோட்டைப் பகுதியில் கைலாசநாதர் கோயிலைப் பார்க்கலாம். மதில் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் இருக்கிறது. பூசிமலைக்குப்பத்தில் ஜாகிர்தார் கட்டிய கண்ணாடி மாளிகை, கண்ணாடியெல்லாம் போய் நிற்கிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கும் இங்கிருந்து பஸ் உண்டு.

புடவை வாங்குவதானால் சில விஷயங்கள். சில்க் மார்க் முத்திரை, பட்டு அசல் என்பதற்கு. கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்பதற்கு. இரண்டும் வேறு வேறு. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருப்பதாக அர்த்தமில்லை. புடவையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தால், பட்டு முடி பொசுங்கும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் கரியாக நிற்கும். உருகிக் குண்டுமணி மாதிரி கெட்டியானால் அது பாலியெஸ்டர். கடைக்குள் தீப்பெட்டியை எடுக்கும் முன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்யாண சீசனில் சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ, எந்தக் கடையில் நீங்கள் பட்டு எடுத்தாலும் இன்னொன்றும் செய்யலாம். விலை கேட்பதற்கு முன்னால், "இது எந்த ஊர்த் தறி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 'காஞ்சிபுரம்' என்ற பதில்தான் வரும். "நிஜமாவா, ஆரணியா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். ஆரணி என்றால் பில்லில் ஆரணி என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். விலை குறையலாம், குறையாமலும் போகலாம். ஆனால் நூறு பேர் கேட்டால், அந்தக் கேள்வி கடைக்காரரிடமிருந்து முதலாளிக்குப் போகும். 'ஆரணிதான் வேணுமாம்' என்று ஒரு நாள் அது தறி வரைக்கும் வரும்.

கிளம்பும்போது ஐயா கேட்டார்: "பஸ்ஸுல போறியா, ரயில்லயாம்மா?"

"ரயிலுக்கு எங்க ஐயா போறது?"

"வரும், வரும். எம் பையன் ஸ்கூல் போறப்பவே வரும்னாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதியை மிதித்தார். புடவை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. முதலாளி சனிக்கிழமை கேட்டிருந்தார்.